பசுமை வீடு: சுண்ணாம்புல இருந்து சோலார் வரைக்கும்

கணியம்பாடி பஸ் ஸ்டாப்புல யாரையாவது நிறுத்தி "பசுமை வீடுன்னா என்னங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "அதாம்பா, அந்தம்மா ஆட்சியில குடுத்தாங்களே, சோலார் லைட்டு போட்ட வீடு"ன்னு பதில் வரும். இதே கேள்வியை ஓஎம்ஆர்ல பொட்டி தட்டுற என்னை மாதிரி ஆளுங்ககிட்ட கேட்டா, ஆபீஸ் வரவேற்பறையில மாட்டியிருக்கிற கண்ணாடிப் பட்டயத்தைக் கை காட்டுவாங்க. லீட் கோல்டு, லீட் பிளாட்டினம், அந்த வகையறா.

ஒரே வார்த்தை, ரெண்டு வரலாறு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய ஓட்டை. வேலூர்ல இருந்து ஆரணி ரோட்டுல வரும்போது ரெண்டு பக்கமும் கல் நட்டு மனை மனையா வித்துக்கிட்டு இருக்காங்களே, அந்த 30-க்கு 40 மனையில எழும்புற சாதாரண வீடு ரெண்டு வரலாத்துலயும் இல்ல. அது ஏன் இல்லைங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், ஆணி கம்மியா இருக்கிற நாளா பாத்துப் படிங்க :-)

முன்னுரையா ஊரைப் பத்தி ரெண்டு வரி. கணியம்பாடி வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை போற ரோட்டுல இருக்கு. வெளியூர் மக்களுக்குப் பேர் தெரியாது. ஆனா சிஎம்சி புண்ணியத்துல மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல "கணியம்பாடி வட்டாரம்"னு அடிக்கடி அடிபடும் பேரு. 2007-ல பக்கத்துல ஸ்ரீபுரம் பொற்கோயில் வந்துச்சு. 2008-ல வேலூர் மாநகராட்சி ஆச்சு. 2016-ல ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல சேந்துச்சு. நிலக்கடலை போட்ட பூமியில இப்போ பேஸ்மட்டம் போடுறாங்க. வேலூரை "வெயிலூர்"னு கிண்டல் பண்றதும், தண்ணியில்லாத ஆறுன்னு பாலாத்தைச் சொல்றதும் உங்களுக்கே தெரியும். வெயிலும் தண்ணியும்தான் இங்க பிரச்சினை. வீடு கட்டுற விதம் இந்த ரெண்டையும் நேரா தொடுது.

சுண்ணாம்புக் காலம்

எங்க பக்கத்துல பழைய வசதியான வீடுகளை "மெத்தை வீடு"ன்னு சொல்லுவாங்க. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. தேக்கு உத்திரங்களை வரிசையா போட்டு, அது மேல சின்ன மெல்லிசு செங்கல்லைக் குத்துக்கல்லா, மூலைவாட்டுல சுண்ணாம்புக் கலவையில அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்குல தட்டுவாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டணும். கடைசியில தட்டோடு. இதைத்தான் இங்கிலீஷ்காரன் "மெட்ராஸ் டெரஸ்"னு பேர் வச்சு எழுதி வச்சிருக்கான்.

இது ஏன் குளுகுளுன்னு இருந்துச்சு? மந்திரம் ஒண்ணும் இல்ல. தளமும் சுவரும் கனமா இருந்ததால வெயில் மேல விழுந்தாலும் சூடு உள்ள வந்து சேர நேரம் ஆகும். அது வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும், முற்றத்து வழியா காத்து ஓடி அதை வெளிய தள்ளிடும். திண்ணையும் தாழ்வாரமும் சுவர் மேல நேர் வெயில் விழாம பாத்துக்கும்.

ஆனா ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். "நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்லை"ன்னு ஃபார்வர்டு அனுப்புற கோஷ்டியில நான் இல்ல. மெத்தை வீடு ஊருக்கு நாலு பேருக்குத்தான் இருந்துச்சு. மத்தவங்களுக்கு மண்சுவரும் கூரையும். அந்தக் கூரை வீடும் வெயிலுக்குக் குளிர்ச்சிதான், ஆனா மழைக்கு ஒழுவும், வருஷா வருஷம் கீத்து மாத்தணும், ஒரு பொறி பட்டா தெருவே எரியும். அந்த வீட்டுல வாழ்ந்தவங்க யாரும் "ஆஹா, சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு"ன்னு சொன்னதில்ல. எப்போ ஒரு தளம் போட்ட வீட்டுக்குப் போவோம்னுதான் ஏங்கினாங்க. காங்கிரீட் தளம்ங்கிறது அவங்களுக்கு வெறும் கட்டுமானப் பொருள் இல்ல, மரியாதை. பசுமைக் கட்டடம் பேசுற பல பேர் கோட்டை விடுற இடம் இதுதான்.

சிமெண்ட் வந்த கதை

இந்தியாவுல போர்ட்லேண்ட் சிமெண்ட் தயாரிக்க முதல் முயற்சி நடந்ததே நம்ம சென்னையிலதான், 1904-ல. கடல் சிப்பியை மூலப்பொருளா வச்சுப் பாத்தாங்க, எடுபடல. 1914-ல போர்பந்தர்ல ஆரம்பிச்சதுதான் நின்னுச்சு. ஆனா அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் சிமெண்ட் சாமானியனுக்கு எட்டாத பொருள். விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருந்துச்சு. பர்மிட் வாங்கினாத்தான் மூட்டை கிடைக்கும். 1982-ல பாதிக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க, 1989-ல முழுசா எடுத்தாங்க. அப்புறம் நடந்தது நம்ம அப்பா அம்மா கண்ணால பாத்த வரலாறு. தெருவுக்குத் தெரு சிமெண்ட் கடை, சென்ட்ரிங் பலகை வாடகைக் கடை.

கவனிச்சீங்கன்னா, சுண்ணாம்பை யாரும் தடை பண்ணல. சிமெண்ட் சீக்கிரம் இறுகும். நேத்து கட்டின சுவர் மேல இன்னைக்கு ஏறலாம். சுண்ணாம்புக்கு நீத்தணும், அரைக்கணும், காத்திருக்கணும், தட்டுறதுக்கு ஆள் வேணும். கூலி ஏற ஏற அது தாங்காது. ஒரு தலைமுறைக்குள்ள சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார்கள் குறைஞ்சு போனாங்க. கை மறந்துட்டா அந்தத் தொழில்நுட்பம் புஸ்தகத்துல இருந்து திரும்பி வராது. நம்ம பாஷையில சொன்னா, கோடு இருக்கு, அதை எழுதினவன் ரிசைன் பண்ணிட்டுப் போயிட்டான். டாக்குமெண்டேஷனும் கிடையாது.

அஞ்சு இஞ்ச் காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி நம்ம தலை மேல கக்கும். கத்திரி வெயில்ல ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டா அனல் காத்து வருதே, அது தளத்தோட மூச்சு. முன்னாடி அதுக்கு மேல சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கிறதாவது இருந்துச்சு. செலவைச் சுருக்கணும்னு பல பேர் அதையும் விட்டுட்டாங்க. சுவரும் சில இடத்துல ஒன்பது இஞ்ச்ல இருந்து நாலரைக்கு வந்தாச்சு. மிச்சம் பிடிச்ச காசு எங்க போச்சுன்னா, மாசாமாசம் ஏசி பில்லுக்குப் போச்சு.

இன்னொரு பக்கம் உலகக் கணக்கு: மனுஷன் வெளிய விடுற கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய 7-8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்புல இருந்து மட்டும் வருதுன்னு சொல்றாங்க. உள்ளூர்க் கணக்கு இன்னும் கிட்ட இருக்கு. சென்னையும் வேலூரும் வளர வளர பாலாத்து மணல் லாரி லாரியா போச்சு. 2003-ல மணல் குவாரியைத் தமிழக அரசே கையில எடுத்துச்சு. ஆத்து மணல்ங்கிறது தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற பஞ்சு. அதை எடுத்தா கரையோரக் கிணறு இறங்கும். நாம கட்டுற வீட்டுக்கு மணல் குடுத்த ஆறே அந்த வீட்டு போர்ல தண்ணி இல்லாம பண்ணிடுச்சு.

2003: ஒரே வருஷத்துல ஜெயிச்ச ஒரே பசுமைத் திட்டம்

இப்போ கதையில நல்ல பகுதி. தமிழ்நாட்டுல ஒரு பசுமைக் கட்டட நடைமுறை ஒரே வருஷத்துல ஊர் முழுக்க, குடிசை மாற்று வாரியத்துல இருந்து பங்களா வரைக்கும் பரவினது உண்டுன்னா அது மழைநீர் சேகரிப்புதான்.

1994-லயே சென்னையில பெரிய அடுக்குமாடிகளுக்கு இது கட்டாயம்னு விதி வந்துச்சு. யாரும் பெருசா கண்டுக்கல. அப்புறம் வறட்சி வந்துச்சு. 2003-ல சென்னை ஏரிகள் காஞ்சு கிடந்த நேரத்துல, ஜூலை மாசம் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு. புதுக் கட்டடம் மட்டும் இல்ல, ஏற்கனவே இருக்கிற எல்லாக் கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு இருக்கணும். கெடு முதல்ல ஆகஸ்ட் 31, அப்புறம் அக்டோபர் 10 வரைக்கும் நீட்டினாங்க. செய்யலன்னா அரசே செஞ்சு செலவைச் சொத்து வரியோட வசூல் பண்ணும், குடிதண்ணி இணைப்பையும் வெட்டும். அதிகாரி பக்கத்துல சாந்தா ஷீலா நாயர், குடிமக்கள் பக்கத்துல சென்னை மழை இல்லம் நடத்தின சேகர் ராகவன்னு சில பேர் இதை விடாம துரத்தினாங்க.

ஏன் ஜெயிச்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. பயம் இருந்துச்சு, குழாய்ல காத்துதான் வந்துச்சு. சட்டம் இருந்துச்சு, அதுக்குத் தேதியும் பல்லும் இருந்துச்சு. எல்லாத்தையும் விட முக்கியம், இந்த வேலை கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் தெரிஞ்ச வேலை. ஒரு பிவிசி குழாய், ஒரு குழி, கொஞ்சம் ஜல்லி, மணல். வெளிநாட்டுப் பொருள் வேண்டாம், கன்சல்டண்ட் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். சில ஆயிரத்துல முடிஞ்சுது. பலன் கண்ணுல தெரிஞ்சுது. 2005 பெருமழைக்கு அப்புறம் சென்னையில நிலத்தடி நீர் மட்டம் ஏறினதைக் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தே சொல்ல முடிஞ்சுது.

அப்புறம் ஏன் 2019 ஜூன்ல சென்னை மறுபடி உலகச் செய்தி ஆச்சு? டெட்லைனுக்கு முன்னாடி ராத்திரியில டெப்ளாய் பண்ணின சாஃப்ட்வேர் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா :-) கெடுவுக்காக மாட்டின குழாய் பல வீட்டுல தரையில முட்டி நின்னுச்சு. குழி தோண்டினவங்க தூர் வாரல. அவசரமா சட்டம் போடத் தெரிஞ்ச நமக்கு, வருஷா வருஷம் செப்டம்பர்ல வந்து "குழி தூர் வாரினீங்களா?"ன்னு கேக்க ஒரு ஆளைப் போடத் தோணல. கட்ட வைக்க சட்டம் போதும். காப்பாத்த வழக்கம் வேணும்.

பட்டயக் காலம்

அதே 2003-ல இன்னொரு சம்பவம். ஹைதராபாத்ல சிஐஐ-சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்துக்கு லீட் பிளாட்டினம் சான்றிதழ் கிடைச்சுது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் பிளாட்டினம் கட்டடம் அது. 2004 ஜூலையில அப்துல் கலாம் திறந்து வச்சார். இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 2001-லயே தொடங்கியாச்சு. 2007-ல நம்ம நாட்டுக்குன்னே கிருஹா மதிப்பீடு வந்துச்சு, அதே வருஷம் மத்திய அரசோட எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகளும் வந்துச்சு.

சென்னையில ஐடி பூங்காக்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. கிண்டி ஒலிம்பியா டெக் பார்க் அதுல பேர் வாங்கினது. காரணம் எளிது. வாடகைக்கு வர்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்டாங்க, ஏசி பில்லு கோடிக்கணக்குல இருந்துச்சு. கணக்கு கட்டுப்படி ஆச்சு.

அரசு கட்டினதுலயும் ஒண்ணு உண்டு. ஓமந்தூரார் தோட்டத்துல கட்டின புது சட்டமன்ற-தலைமைச் செயலக வளாகம், 2010 மார்ச்ல மன்மோகன் சிங் திறந்து வச்சது, லீட் கோல்டு வாங்குச்சு. 2011-ல ஆட்சி மாறுச்சு. 2014-ல அதே கட்டடம் பன்னோக்கு மருத்துவமனை ஆச்சு. ஒரு விதத்துல யோசிச்சா கட்டினதை இடிக்காம வேற வேலைக்குப் பயன்படுத்தினதே பசுமைதான்னு வச்சுக்கலாம் ;-) ஆனா சட்டமன்றத்துக்குன்னு அளந்து வடிவமைச்ச கட்டடத்துல ஆபரேஷன் தியேட்டர் வைக்கணும்னா எவ்வளவு மாத்தணும்! கட்டடத்தோட ஆயுசு ஆட்சியோட ஆயுசை விட நீளம்ங்கிறதை நம்ம அரசியல் ஒத்துக்கிட்டதே இல்ல.

சரி, இந்த விதியெல்லாம் கணியம்பாடிக்கு என்ன பண்ணுச்சு? எரிசக்தி சேமிப்பு விதிகள் 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேல இருக்கிற வணிகக் கட்டடங்களுக்குத்தான். 2018-ல வீடுகளுக்குன்னு "ஈகோ நிவாஸ் சம்ஹிதா" வந்துச்சு. சுவர், ஜன்னல், கூரை வழியா வெப்பம் இவ்வளவுக்கு மேல உள்ள வரக்கூடாதுன்னு ஒரு வரம்பு சொல்லுது. நல்ல விஷயம். ஆனா அது 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கிற மனைக்கு. நம்ம 30-க்கு 40 மனை 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டர். அளவைக் குறைச்சுக்க மாநிலங்களுக்கு வழி இருக்கு. குறைச்சாலும் ஆரணி ரோட்டு மேஸ்திரி கையில அது எப்படி வந்து சேரும்ங்கிறது அடுத்த கேள்வி.

ஊர்க்காரங்களோட பசுமை வீடு

2011-ல ஆரம்பிச்ச முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்தான் கிராமத்துக்கு "பசுமை வீடு"ங்கிற வார்த்தையைக் கொண்டு வந்துச்சு. 300 சதுர அடி வீடு. ஆரம்பத்துல ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம், அதுல 30,000 சோலார் விளக்குக்கு. வருஷத்துக்கு 60,000 வீடுன்னு இலக்கு. அஞ்சு சிஎஃப்எல் பல்பு, மழைநீர் சேகரிப்பும் உண்டு. சொந்தமா மனை இருந்தும் கட்ட வழியில்லாதவங்களுக்கு இது சின்ன விஷயமே இல்ல. ராத்திரி கரண்ட் கட்டுல (அந்த மின்வெட்டுக் காலத்தை மறந்திருக்க மாட்டீங்க) ஊரே இருட்டா இருக்கும்போது அந்த வரிசை வீட்டுல மட்டும் வெளிச்சம் இருக்கும்.

ஆனா கட்டடமா பாத்தா? தளம் அதே காங்கிரீட். வெப்பம் உள்ள வராம தடுக்குறதுக்கு வடிவமைப்புல பெருசா எதுவும் இல்ல. பசுமைங்கிறது வீட்டோட உடம்புல இல்ல, கூரை மேல வச்ச தகட்டுல இருந்துச்சு. தகடு இருபது வருஷம் தாங்கும், பேட்டரி தாங்காது. சில வருஷத்துல மாத்தணும். அதை மாத்த ஒரு கூலித் தொழிலாளிக்கு வழி இருக்குமா, டவுனுக்குத் தூக்கிட்டுப் போக ஆள் இருக்குமாங்கிறதை யோசிக்கணும். 2003 குழாய்க் கதையேதான் இது. மாட்டினதுக்குக் கணக்கு இருக்கு, பராமரிப்புக்குக் கணக்கு இல்ல.

2024-ல வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல வீடு 360 சதுர அடி, தொகை 3.5 லட்சம். 2030-க்குள்ள குடிசை இல்லாத தமிழ்நாடுன்னு இலக்கு, எட்டு லட்சம் வீடு. இந்த எட்டு லட்சம் தளத்து மேலயும் தட்டோடோ, வெள்ளை டைல்ஸோ, குறைஞ்சது வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்புப் பூச்சோ கட்டாயம்னு ஒரே ஒரு வரி சேத்தா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. லீட் பட்டயம் வாங்கின கட்டடம் எல்லாம் சேந்தாலும் அத்தனை பேருக்கு ராத்திரித் தூக்கம் குடுக்காது.

மேஸ்திரி சொன்னது

போன வருஷம் எங்க வீட்டுல மாடி போர்ஷன் எடுத்தாங்க. நான் ஆர்வமா எலிப்பொறிக் கட்டு பத்திப் பேசப் போனேன். லாரி பேக்கர் கேரளாவுல பரப்பினது அது. செங்கல்லைக் குத்தவாட்டுல வச்சு நடுவுல காலி இடம் விட்டுக் கட்டுறது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், நடுவுல இருக்கிற காத்து சூட்டையும் தடுக்கும். மேஸ்திரி பொறுமையா கேட்டுட்டு சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி. நாளைக்கு ஒரு விரிசல் வுட்டா உங்கப்பா யார வந்து கேப்பாரு? அந்த கேரளாக்காரரையா? என்னத்தான கேப்பாரு. அப்புறம் இந்த ரோட்டுல எனுக்கு எவன் வேல குடுப்பான்?"

நான் படிச்ச எந்த அறிக்கையை விடவும் இது தெளிவா இருந்துச்சு. புதுசா ஒண்ணு செஞ்சா லாபம் வீட்டுக்காரருக்கு, ரிஸ்க் மேஸ்திரிக்கு. அவர் ஏன் செய்வார்? ஃப்ளை ஆஷ் கல்லுக்கும் இதே கதைதான். 1999-ல மத்திய அரசு அறிவிக்கை போட்டுச்சு, அனல் மின் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற செங்கல் தயாரிப்புல சாம்பலைச் சேக்கணும்னு. மேல் மண்ணைச் சுரண்டிச் செங்கல் அறுக்கிறதைக் குறைக்கத்தான் அது. சாம்பல் வர்றது வட சென்னை, நெய்வேலி, மேட்டூர்ல இருந்து. இங்கயோ ஏரி ஓரத்துலயே சூளை. கல் பழகின கல், கை பழகின கை. பழக்கத்தை அறிவிக்கை மாத்தாது.

கேரளாவுல எப்படி மாறுச்சு? பேக்கர் சைட்லயே உக்காந்து கொத்தனார்களோட கட்டினார். 1980கள்ல கொல்லத்துல நிர்மிதி கேந்திரான்னு ஒரு கட்டட மையம் தொடங்கி, மேஸ்திரிகளுக்குப் பயிற்சி குடுத்தாங்க. பத்து கட்டடம் நின்னு காட்டினப்புறம் பதினோராவது ஆளு தைரியமா கேட்டான். இங்க பக்கத்துல ஆரோவில் புவி நிறுவனம் அதே வேலையை அழுத்தின மண் கல்லுல செய்யுது, உலகம் முழுக்க இருந்து வந்து கத்துக்கிறாங்க. வேலூர்ல இருந்து மூணு நாலு மணி நேரப் பயணம். நம்ம ரோட்டு மேஸ்திரிக்கு அங்க போய் வர ஒரு வாரக் கூலியை யாராவது குடுத்தா போதும்.

ரெண்டாவது தடை வாடகை. வேலூர்ல வீடு கட்டுறவங்கள்ல நிறைய பேர் சிஎம்சிக்கு வர்ற நோயாளிகளுக்கும் விஐடி பசங்களுக்கும் வாடகைக்கு விடத்தான் கட்டுறாங்க. சுவர் கனத்துக்குக் காசு போடுறவர் ஓனர். சூட்டுல வேகுறதும் கரண்ட் பில்லு கட்டுறதும் குடியிருக்கிறவர். மூணு மாசத்துல கிளம்பிப் போற ஆளுக்காக எந்த ஓனர் தட்டோடு பதிப்பார்? உலகம் முழுக்க பசுமைக் கட்டடத்துக்குக் குறுக்க நிக்கிற பிரச்சினை இது, வேலூர்ல ரெண்டு மடங்கு.

ஊருக்குள்ளயே ஒரு பாடம்

தோல் ஷாப்பு விஷயத்துல இந்த மாவட்டம் ஏற்கனவே ஒரு பாடம் படிச்சிருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கழிவு பாலாத்தைக் கெடுத்த வழக்குல, 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. "மாசுபடுத்தினவரே விலை குடுக்கணும்"ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல ஊன்றினது வேலூர் பேர் தாங்கின இந்த வழக்குலதான். ஒரு சின்ன தொழில் கூடத்தால தனியா சுத்திகரிப்பு நிலையம் வைக்க முடியாது. பத்துப் பேர் சேந்து பொது சுத்திகரிப்பு நிலையம்னு வந்தப்புறம்தான் வேலை நகர்ந்துச்சு. ஆனாலும் 2025 ஜனவரியில அதே உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாத்துக்காகத் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு. நடுவுல 28 வருஷத்துக்கு மேல. கண்காணிப்பு இல்லாத சட்டத்தோட விலை அது.

நம்பிக்கை தர்ற பாடமும் இருக்கு, அது எங்க கணியம்பாடிப் பக்கமே. ஜவ்வாது மலைப் பக்கம் இருந்து வர்ற நாகநதி காஞ்சு கிடந்துச்சு. 2014-ல இருந்து, வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்துல ஆத்துப் படுகையில உறை கிணறு மாதிரி செறிவூட்டும் கிணறுகளைத் தோண்டினாங்க. ஆயிரக்கணக்கான பெண்கள். ஆத்துல தண்ணி வந்துச்சு. 2021 செப்டம்பர்ல பிரதமர் மனதின் குரல்ல இதைச் சொன்னார். இதுல எது உதவுச்சு? கூலி கிடைச்சுது, வேலையை அங்கயே கத்துக் குடுத்தாங்க, பலன் அவங்க கிணத்துலயே தெரிஞ்சுது. பிளாட்டினம் எதுவும் யாரும் குடுக்கல.

அப்போ என்னதான் செய்யலாம்?

வரலாத்தை வரிசையா வச்சுப் பாத்தா எனக்குத் தோணுறது:

1. கொத்தனார் கை பழகாத எதுவும் பரவாது. மழைநீர் பரவுச்சு, எலிப்பொறிக் கட்டு பரவல. பயிற்சிக்குப் போடுற காசு சான்றிதழுக்குப் போடுற காசை விட உருப்படி.

2. ரிஸ்க்கை யாராவது பகிர்ந்துக்கணும். பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூட வகுப்பறை, அங்கன்வாடின்னு அரசு கட்டடத்துல முதல்ல செஞ்சு காட்டட்டும். அஞ்சு கோடை தாண்டி நின்னா மேஸ்திரி தானா கேப்பார்.

3. மானியம் குடுத்தா பராமரிப்பையும் சேத்துக் குடுக்கணும். 2024-ல வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 வரைக்கும் மானியம். மின்கட்டத்தோட இணைச்சா பேட்டரித் தொல்லை இல்ல. 2011 பாடத்தைக் கத்துக்கிட்டதுல இது ஒரு படி மேல. ஆனா சோலார் வச்சுட்டு, தளம் சுடுதேன்னு அதே கரண்ட்ல ஏசி ஓட்டினா நாம ஓட்டை வாளியில தண்ணி இறைக்கிறோம். முதல்ல தளம், அப்புறம் தகடு.

4. அனுமதி குடுக்குற இடம்தான் சாவி. 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடி வரைக்கும் மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீட்டுக்குச் சுயசான்று முறையில ஆன்லைன்ல உடனடி அனுமதி. நேர்ல வந்து பாக்குறது கிடையாது. அலைச்சலும் கையூட்டும் குறையுதுன்னா சந்தோஷம். ஆரணி ரோட்டு வீடு அத்தனையும் இனி இந்த வாசல் வழியாத்தான் வரும். அந்தப் படிவத்துலயே "தளத்துக்கு மேல என்ன போடுறீங்க? மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா? மழைத்தண்ணி எங்க போகுது?"ன்னு மூணு கேள்வி கேட்டா செலவு பூஜ்யம். கேட்டா யோசிப்பாங்க. யோசிச்சா பாதிப் பேராவது செய்வாங்க.

கடைசியா ஒரு கணக்கு. காங்கிரீட் வீடு குறைஞ்சது அம்பது வருஷம் நிக்கும். இந்தப் பத்து வருஷத்துல எங்க ரோட்டுல கட்டுற வீடுகள்ல எங்க பேரப் பசங்க காலம் வரைக்கும் ஜனங்க படுத்துத் தூங்கணும். அப்போ வெயில் இப்போ இருக்கிறதை விடக் கம்மியா இருக்கும்னு யாரும் சொல்லல. நேரு காலத்து அணையைப் பத்தியும் சோழர் காலத்து ஏரியைப் பத்தியும் பேசுறோம். 30-க்கு 40 மனையில மேஸ்திரி எடுக்கிற முடிவும் வரலாறுதான்.

எங்க வீட்டு மாடிக்கு எலிப்பொறிக் கட்டு வரல. ஆனா மேற்குப் பக்கம் சன்ஷேடை ரெண்டரை அடி நீட்டவும், தளத்து மேல சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கவும் மேஸ்திரி ஒத்துக்கிட்டார். "இது எங்கப்பாரு காலத்துலயே செஞ்ச வேல தம்பி, இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு"ன்னாரு. இந்த மே மாசம் மாடி ரூம் கீழ் வீட்டை விட சூடா இல்லன்னு அம்மா சொல்றாங்க. தெர்மாமீட்டர் வச்சு அளந்துட்டுத் தனிப்பதிவா போடுறேன்.

டிஸ்கி: உங்க ஊர்ல சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் யாராவது இன்னும் இருந்தா, அவர் எப்படிக் கலவை போடுறார்னு ஒரு பதிவு எழுதி வைங்க மக்களே. அவருக்கு அப்புறம் அதைக் கேக்க ஆள் இருக்க மாட்டாங்க.